வெற்றிலைக்குள் வைத்த சம்பளம்

விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வி இதுதான்: “நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார்?” கீழே ஒன்றரை வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். படிவங்களை வாசிப்பதில் எனக்கு ஒரு கெட்ட ஆசை உண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வங்கிப் படிவம் நிரப்பினால் என் கண் தானாக அந்தப் பக்கம் போய்விடும். அன்றும் கன்ரீனில் பிளேன்ரீ ஆறிப்போக, அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு எத்தனை வயது, பிறப்புச் சான்றிதழ் இலக்கம் என்ன என்றெல்லாம் எல்லா இடத்திலும் கேட்பார்கள். யார் பார்க்கிறார் என்று ஒரு படிவம் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இதை எழுதியவரும் எப்போதாவது பிள்ளையை எங்கேயோ விட்டுவிட்டு ஓடியவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் முதலாம் மாடியில் குடியிருந்தோம். கணவர் கட்டாரில் கட்டட வேலை மேற்பார்வையாளர். மகளுக்கு இரண்டரை வயது. நான் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் கடைசி வருடத்தில் வாரம் ஐந்து நாளும் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்த நேரம் பார்த்துக் கணவருடைய கம்பனியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். பிள்ளை பார்க்கும் செலவுக்கு அந்தப் படிவத்தில் கேட்ட உதவி கிடைக்காவிட்டால் படிப்பைத் தள்ளிப்போட வேண்டும். அப்படித் தள்ளிப்போட்டுப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் ஏற்படுத்திய நிதி அது. பிள்ளை உள்ள மாணவர்கள், பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுக்கும் காசில் பாதியை நிதி மாதாமாதம் தரும். அந்த மாணவி யாரென்று அறிய நான் எவ்வளவோ தலைகீழாக நின்று பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விளக்கக் கூட்டத்துக்குப் போனபோதுதான் வேடிக்கை. பதினொரு பேர் வந்திருந்தோம். அதில் நான்கு பேர் என் வகுப்பு. ஒன்றரை வருடம் ஒரே மேசையில் இருந்து படித்தும், பிள்ளை இருப்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் குழு வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். முகத்துவாரம் பகுதியிலிருந்து வந்து எப்போதும் பின்வரிசையில் தூங்கிவழியும் இளைஞன் ஒருவன் முன்வரிசையில் விழித்தபடி இருந்தான். அவனுக்கு இரட்டைப் பிள்ளைகளாம். இரவெல்லாம் கிரிக்கெட் பார்த்துவிட்டு வருகிறான் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

“என்ன அக்கா, நீங்களுமோ?” என்று சிரித்தான். பக்கத்துக் கதிரையைக் காட்டினான்.

என் மகளைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு அக்கா. மேல்வீட்டு அக்கா என்பேன். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமையன் குடும்பத்தோடு இருந்தார். தமையனுக்குப் புறக்கோட்டையில் இரும்புக்கடை. அண்ணி ஆசிரியை. இருவரும் காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். வீடு பகல் முழுக்க அக்காவின் கையில் இருக்கும்.

படிப்புத் தொடங்கிய மாதம் நான் ஆள் தேடி அலைவதைக் கேள்விப்பட்டு அவரே படியில் மறித்துச் சொன்னார்: “பிள்ளையை மேல விட்டிட்டுப் போம். எனக்கும் பொழுது போகும்.” என் அம்மா கொட்டாஞ்சேனையில் தம்பியின் இரண்டு பிள்ளைகளோடு ஏற்கனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழியில்லை. மகள் இரண்டு கிழமையில் அவரோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்சம் பேச்சு வந்ததும் பெரியம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

முதல் மாத முடிவில் காசை ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு மேலே போனேன். நீட்டியதுதான் தாமதம், நெருப்பைத் தொட்டது மாதிரி அக்கா கையை இழுத்துக்கொண்டார். “சீச்சீ, என்ன இது?” என்று உள்ளே போய்விட்டார். உறையோடு நான் வாசலில் முழித்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் கேட்டபோது, இதுகூடத் தெரியாமல் வளர்ந்துவிட்டேனே என்று திட்டினார்.

“காசெண்டு நீட்டினா ஆர் வாங்குவினம்? மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வெத்திலை, பாக்கு, வாழைப்பழத்தோட வைச்சுக் குடு. பிள்ளையின்ர கையால குடு.”

அப்படியே செய்தேன். வெற்றிலைக்குள் காசை மடித்து வைத்து, பையை மகளின் கையில் கொடுத்தேன். அவள் தத்தித் தத்திப் போய்க் கொடுக்க, அக்கா அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் பையைச் சாமியறையில் வைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

உதவி கேட்டவர்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு சிங்கள மிஸ், ஒரு பக்கம் கணக்குப் பகுதிப் பெண், மறுபக்கம் எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவரான ஒரு தமிழ் சேர். திருநீறும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருந்தார். நான் கதிரையில் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஊரில எவ்விடம்?”

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஊரைச் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை, அந்த ஊருக்குப் போனது நாலைந்து தடவைதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் நம்மவர்களுக்கு உடனே முதுகு நிமிர்ந்துவிடும். அப்பாவின் ஊர் முழுக்க வந்து அந்த அறைக்குள் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. அடுத்தது ஏழாவது கேள்வி. நான் வகுப்பில் இருக்கும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்?

“எங்கட ஆக்கள்தான், சேர். மேல்வீட்டில ஒரு அக்கா. வெளியாக்களிட்ட விடுறேல்ல,” என்றேன்.

சேர் மெச்சும் விதமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தித்தித்தது. சிங்கள மிஸ் மட்டும் விடவில்லை. அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நல்ல தமிழில் கேட்டார்.

“ஐயோ மிஸ், அவ காசுக்குச் செய்யேல்ல,” என்றேன். ரோஷமாக வேறு சொன்னேன். உதவிப் பணம் கேட்டுப் போன இடத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, நல்லபடி முடிந்தது என்று வாசலில் முகத்துவாரத்துத் தகப்பனிடம் பெருமையும் அடித்தேன்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. பராமரிப்புக்குச் செலவு எதுவும் இல்லை என்று விண்ணப்பதாரியே தெரிவித்தபடியால் உதவி வழங்க முடியாது. பிழை பிடிக்க அதில் ஒன்றுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நுணலுக்கு மூத்தவள்.

முகத்துவாரத்துத் தகப்பனுக்குக் கிடைத்திருந்தது. அவனுடைய பிள்ளைகளைப் பார்ப்பவர் பக்கத்து வீட்டு மீன்காரரின் மனைவி. “நாள் கூலி இவ்வளவு, கையில கொடுக்கிறன் எண்டு சொன்னன். அவ்வளவுதான் கேட்டாங்க,” என்றான். நான் சொன்னதைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உங்கட ஆக்களுக்கு வெக்கம் கூட, அக்கா. வெக்கத்துக்கு அரைவாசி காசு தரமாட்டாங்க.” பிறகு அவனே என்னைக் கணக்குப் பகுதிக்குக் கூட்டிப்போனான்.

மேன்முறையீடு செய்யலாம் என்று அந்தப் பெண் சொன்னார். பிள்ளையைப் பார்ப்பவர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். தான் இந்தப் பிள்ளைக்கு உறவினர் அல்ல, சம்பளத்துக்குப் பார்க்கிறேன் என்று அதில் இருக்க வேண்டும். அவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பதைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். தொகையை மட்டும் எழுத வேண்டாமாம். மாணவர்கள் கூட்டி எழுதுவிப்பார்கள் என்பதால் அதை அலுவலகமே அவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும்.

காசை வெறும் கையால் வாங்கவே கூசிய ஒருவரிடம் ‘நான் சம்பள ஆள்’ என்று எழுதித் தாருங்கள் என எப்படிக் கேட்பது? கேட்டால் தமையனுக்குத் தெரியவரும். அவர் மானஸ்தர். அதோடு அக்கா மகளைப் பார்ப்பதே நின்றுவிடலாம். பூனைக்கு மணி கட்டாமல் காரியம் முடிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்க, ஹெவ்லொக் டவுனில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு நாள் விட்டுவிட்டு பில் வாங்கலாமா என்று குறுக்குப் புத்தி ஓடியது. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் பேர் ஒட்டிய பெட்டிகளில் இருந்தன. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் போனிலேயே பார்க்கலாமாம். எல்லாவற்றையும் எட்டி எட்டிப் பார்த்தேன். மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

முப்பத்தையாயிரம் என்றார்கள். நான் வெற்றிலைக்குள் வைத்தது பன்னிரண்டாயிரம்.

கடற்கரை வீதி வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யோசிக்க முடியாது. அக்காவின் மானத்தைக் காப்பாற்றத்தான் வெற்றிலை என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். காசைப் பற்றிக் கதைக்காத வரைக்கும் குறைவாகக் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? அந்த வழக்கத்தால் அவரைவிட எனக்குத்தான் வசதி. எனக்கு வெட்கமாக இருந்தது, நன்றாகவே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மேலே போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அக்கா மகளுக்குப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். நேர்முகத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். காசுக்குச் செய்யவில்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவர் ஊட்டுவதை நிறுத்தினார்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“உங்களுக்கு மரியாதையில்லாமல் போயிடும் எண்டு...”

“நான் காசுக்குத்தானே செய்யிறன்?” என்றார். கோபமில்லை. நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னார். “பிள்ளையில எனக்கு உயிர். அது வேற கதை. காசும் வேணும்.”

கடிதத்தில் என்ன எழுத வேண்டும், யார் வாசிப்பார்கள், அந்த மிஸ் எப்படிப்பட்டவர் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மகளின் வாயைத் துடைத்துக்கொண்டே வேறொன்று சொன்னார்.

“ஒவ்வொரு மாசமும் வெத்திலையை விரிக்கேக்க நெஞ்சு அடிக்கும், எவ்வளவு இருக்குமோ எண்டு. மாசியில மூவாயிரம் குறைஞ்சுது. ஏனெண்டு கேக்கேலாமல் போச்சு.”

கணவரின் காசு பிந்திய மாதம் அது. அடுத்த மாதம் சேர்த்து வைக்கலாம் என்று நினைத்து, பிறகு மறந்தே போனேன். அக்கா சனிக்கிழமைகளில் நல்ல சீலை உடுத்துத் தனியே எங்கேயோ போய்வருவார். எங்கே என்று அறிய நான் வளைத்து வளைத்துக் கேட்டிருக்கிறேன், பதில் வராது. இப்போது அவரே சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரிடம் தவணை முறையில் பல் கட்டிக்கொண்டிருந்தாராம். அந்த மூவாயிரம் குறைந்ததால் ஒரு தவணை தவறி, அராவிவிட்ட பல்லோடு ஒரு மாதம் ஒரு பக்கத்தால் சாப்பிட்டிருக்கிறார். அவர் அந்த மாதம் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்ததை நான் பார்த்திருந்தேன். அண்ணியோடு ஏதோ சண்டை என்று நினைத்தேன். ஊர் வம்பு விடுப்பெல்லாம் அறிகிறவள் நான், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

“கடிதத்தைக் கொண்டாரும், வைக்கிறன்,” என்றார். இனி எவ்வளவு தர வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். “அதைப் பிறகு கதைப்பம்,” என்று எழுந்து கை கழுவப் போனார். அவருக்கும் அந்த இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

கிராம சேவகரிடம் இருவரும் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். மகள் என் இடுப்பில். அவர் சிங்களவர், தமையனை நன்றாகத் தெரிந்தவர். வாக்காளர் இடாப்பில் அக்காவின் பேரைக் கண்டுபிடித்து, கடிதத்தைப் பார்த்துவிட்டு, “ரஸ்ஸாவ மொகக்த?” என்று கேட்டார். என்ன தொழில் என்று கேட்கிறார். வீட்டுப் பெண் என்று அக்கா சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“லமயி பலாகன்னவா. படியட,” என்றார் அக்கா. பிள்ளை பார்க்கிறேன், சம்பளத்துக்கு.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கிராம சேவகர் கேட்டார். இனிமேல் தெரியும் என்று அக்கா சிங்களத்திலேயே சொன்னார். அவர் முத்திரையைக் குத்தினார். தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் அக்கா வீட்டு இலக்கத்தைக் கொடுத்தார். அவருடைய கைபேசி எந்நாளும் சார்ஜ் இல்லாமல் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கும். தமையன் பகலில் வீட்டில் இருப்பதில்லை, அதனால் பயமில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

கடிதத்தைக் கொடுத்து ஐந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. ஆறாவது நாள் மூன்று மணிக்குக் கணக்குப் பகுதிப் பெண் என்னை ஆய்வுகூட வாசலுக்குக் கூப்பிட்டார். காலையில் அந்த இலக்கத்துக்கு எடுத்தாராம். ஒரு ஆண் எடுத்து, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை, பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாராம். மாலை வகுப்புகளுக்காக அலுவலகம் ஆறரை வரை திறந்திருக்கும். அதோடு பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் ஆளோடு கதைக்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டு இலக்கத்துக்கு எடுக்கத் துணிவு வராமல் அக்காவின் கைபேசிக்கு எடுத்தேன். நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. செய்முறை வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. ஐந்து மணிக்குக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். காலி வீதியில் பஸ் நகரவில்லை. பம்பலப்பிட்டியில் இறங்கி நடந்தால் சீக்கிரம் போகலாமா என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யோசித்தேன்.

மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. தமையன் சாரம் கட்டியபடி சாய்கதிரையில் இருந்தார். காய்ச்சலென்று அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. ரீவியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. மகள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குசினியில் ஏதோ பொரியும் சத்தம்.

“வாரும், இரும்,” என்றார். நான் இருக்கவில்லை.

“காலமை ஒரு கோல் வந்தது. சம்பளத்துக்குப் பிள்ளை பாக்கிற ஆள் இஞ்ச இருக்கிறாவோ எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. பிழையான நம்பர் எண்டு வைச்சிட்டன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீர் என்ர தங்கச்சிக்குச் சம்பளம் குடுக்கிறீரோ?”

நல்ல பொய் ஒன்று என் நாக்கு நுனியில் ரெடியாக நின்றது. ‘பிள்ளையின்ர பால்மாவுக்கும் சாப்பாட்டுக்கும்தான், அண்ணை, ஏதோ கொஞ்சம் குடுக்கிறனான்.’ அதைச் சொல்லியிருந்தால் அவர் உடனே நம்பியிருப்பார். நம்ப ஆசைப்படுகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“ஓம் அண்ணை, குடுக்கிறனான்,” என்றேன். “ஒண்டரை வருஷமா. குடுத்தது காணாது, குறைவு.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது? தனிச்ச தங்கச்சிக்குச் சாப்பாடு போடேலாமல் பிள்ளை பாக்க விட்டவன் எண்டெல்லோ கதைப்பினம்,” என்றார். அந்த மனிதருக்கு நிஜமாகவே நொந்துவிட்டது.

குசினியில் அடுப்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நீங்கள் சாப்பாடு போட்டனீங்கள், அண்ணை. ஒரு நாளும் குறைவிடேல்ல.”

“பிறகென்ன?”

“பல்லுக் கட்டக் காசு கேட்டிருந்தாத் தந்திருப்பியள். எனக்குக் கேக்க விருப்பமில்லை. கேக்காமல் இருக்கத்தான் இந்த வேலை.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “அந்த ஒபிஸ் எத்தினை மணி மட்டும்?”

“ஆறரை.” சுவர் மணிக்கூட்டில் ஆறு பத்து.

“நம்பரைப் போட்டுத் தாரும்.”

வீட்டுத் தொலைபேசி தமையனின் கதிரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன். அக்கா நின்றபடியே கதைத்தார். மகள் மேசைக்குக் கீழிருந்து வந்து தன்னைத் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கதைத்தார்.

“ஓம், நான்தான். காலமை எடுத்தது என்ர அண்ணை. அவருக்கு அப்ப தெரியாது. இப்ப தெரியும்.” கொஞ்சம் கேட்டார். “இல்லை. சொந்தமில்லை. வெளியாள்தான்.”

அவர் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு ஓட்டம் ஓடினேன். சொன்னபோது, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இருந்தது. மகள் அவருடைய சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அக்கா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினார். “எவ்வளவு எண்டு கேக்கினம்,” என்றார் என்னிடம்.

தமையன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“பதினையாயிரம்,” என்றேன். மூவாயிரம் கூட்டியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். காலையில் வாசலுக்கு வரும் மீன்காரர் விலை சொன்னால் அவர் பார்க்கும் பார்வை அது. பிறகு கையை எடுத்தார்.

“இருபதாயிரம்,” என்றார் தொலைபேசிக்குள். “ஓம். இந்த மாசத்திலயிருந்து.”

வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “உம்மட பேரைப் போட்டாச்சாம். முதலாம் திகதியிலயிருந்து பாதி அவை தருவினமாம்.” அப்போதுதான் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். கடைசி வருடம் படிக்கப்போகிறேன்.

தமையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இருபதோ?” என்று என்னைக் கேட்டார். நான் குறைத்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ, மறுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது.

“ஓம் அண்ணை,” என்றேன். “அக்காவின்ர சம்பளம் இருபது.”

சம்பளம் என்ற சொல்லை அக்காவின் முன்னால் நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மகளை என்னிடம் தந்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கக் குசினிக்குள் போனார்.